சாம்பிராணிக்குப் பழகிவிட்ட அலாரம்

அது இந்த முறை கத்தத் தொடங்கியது சனவரி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று ஐம்பதுக்கு. நிமிடம் வரை சொல்ல முடிவதற்குக் காரணம், நான் அப்போது அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சட்டைப்பையில் குறிப்பேடும் இருந்தது.

அக்காவின் மகன் பிரான்ஸிலிருந்து ஞாயிறுதோறும் மூன்றரை மணிக்கு வீடியோவில் வருவான். அவனுக்கு அப்போது காலை பதினொன்று. தவளக்குப்பத்தில், கடலூர் சாலையை விட்டு உள்ளே தள்ளி எங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்ன மனை உண்டு. அதில் நிற்கும் கேரவனில்தான் அக்கா குடியிருக்கிறாள். கைப்பேசியைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்து நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். அவன் தன் மகளுக்குப் பல் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். எங்கள் தலைக்கு மேலே கீச், கீச் என்று ஒரு சத்தம்.

"என்னாம்மா அது?"

"பல்லி," என்றாள் அக்கா, இமைகூடக் கொட்டாமல்.

அவன் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். நாங்களும் காத்திருந்தோம். முக்கால் நிமிடம் கழித்து மறுபடியும் கீச், கீச்.

"நல்லா டைம் பாத்துக் கத்துற பல்லிம்மா. மாமா, நீங்க சொல்லுங்க. அலாரம்தானே?"

நான் பொய் சொல்வதில்லை என்பதைவிட, சொன்னால் எழுதி வைக்க வேண்டியிருக்கும் என்பதே சரி. "ஆமாம்பா, அலாரந்தான்," என்றேன். அக்கா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

கூரையில் பொருத்தியிருக்கும் புகை அலாரத்தைத்தான் சொல்கிறான். வெள்ளை நிறம், ஊத்தப்பம் அளவு வட்டம். புகை பட்டால் காது கிழியக் கத்தும். பல வருடங்களுக்கு முன் அவன் படித்துக்கொண்டிருந்தபோது, பிரான்ஸில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் கீழ்வீட்டுச் சமையலறை தீப்பற்றியது. அன்று அக்கா குடும்பம் உயிரோடு படியிறங்கியது இப்படியொரு கருவி எழுப்பிவிட்டதால்தான். அதன் பிறகு அவன் யார் கல்யாணத்துக்குப் போனாலும் புகை அலாரம்தான் மொய். எங்களுக்கும் ஒன்று வந்தது. என் மனைவி தாளிக்கும்போதெல்லாம் அது கத்த, ஒரே வாரத்தில் அலமாரிக்குள் போய்விட்டது.

அக்காவின் கணவர் இறந்து, அவள் ஒரேயடியாக ஊர் திரும்பியபோது, நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டு மாடியறையைச் சுத்தம் செய்து வைத்தோம். அவள் ஒரு வாரம் இருந்தாள். எட்டாம் நாள், பிரெஞ்சும் தமிழும் கலந்து, "அலோர், நான் விருந்தாளியா சாவறதுக்கு இவ்ளோ தூரம் வரலடா," என்றாள். கடற்கரையில் கேரவன்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒருவர் தொழிலை மூடுவது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. காரின் பின்னால் கட்டி இழுக்கிற வகை. நான் அளந்தபடி பதினான்கடி நீளம், ஏழடி அகலம். அதை வாங்கித் தவளக்குப்பத்து மனையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, மேலே கீற்றுக் கொட்டகை போட்டுக் குடியேறிவிட்டாள். கட்டில், அடுப்பு, கழுவுத்தொட்டி, ஒரு சின்ன மாதா சொரூபம். அக்கம்பக்கத்தில் அதற்குப் பெயர் பஸ்ஸூடு, அவளுக்குப் பஸ்ஸூட்டம்மா.

மகன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். தகர டப்பா போன்ற இடம், ஒரே கதவு, காலடியில் கேஸ் சிலிண்டர், அறுபத்தெட்டு வயது. ஆகவே அலாரம் வேலை செய்கிறவரை கேரவன். செய்யாவிட்டால் மாமா வீட்டு மாடி. அக்கா சரி என்றாள். பிரான்ஸ் வீட்டுக் கூரையிலிருந்து தானே திருகிக் கழற்றிப் பெட்டியில் கொண்டுவந்திருந்த அலாரத்தை என் கையில் கொடுத்தாள். மாட்டியவன் நான்.

"அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் மாமா," என்றான் அவன் அன்று. "அது சரியாவலைன்னா அம்மா உங்க வீட்டுக்கு வந்துடணும். பேசினபடி."

இணைப்பு அறுந்ததும் அக்கா என்னைப் பார்த்தாள். "அரிச்சந்திரன் வீட்டுப் பேரனே, கெளம்பு. பேட்டரி வாங்கியா."

பேட்டரி என்றால் எனக்கு எந்தக் கவலையும் இல்லை. ஓய்வு பெறும்வரை ஓர் அரசு அலுவலகத்தின் ஆவண அறையில் இருந்தவன் நான். தேதியில்லாத காகிதம் அநாதை என்று அங்கே கற்றுக்கொண்டதை வீட்டிலும் விடவில்லை. எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர், குழல்விளக்கு, ஊறுகாய் ஜாடி, தண்ணீர் வடிகட்டி எல்லாவற்றிலும் என் கையெழுத்தில் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருக்கும். இந்த அலாரத்தையும் கழற்றிப் பார்த்தால் முதுகில் என் சீட்டு இருக்கும்: பொருத்திய நாள், அதன்கீழ் பேட்டரி மாற்றிய நாள். பதினோரு மாதம் ஆகியிருந்தது. பேட்டரி தீர வேண்டிய காலம்தான்.

திங்கட்கிழமை காலை சதுர பேட்டரி ஒன்றோடு போனேன். ஸ்டூல்மேல் ஏறிக் கழற்றி, மாற்றி, சீட்டில் புதுத் தேதி எழுதி, திரும்ப மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். உரக்கக் கத்தியது. "முடிஞ்சுது," என்று இறங்கினேன். அக்கா காப்பி கலந்தாள். நான் முதல் வாய் குடித்தபோது, கீச், கீச்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை வேறு கடையில் வேறு கம்பெனி பேட்டரி. அதற்கும் அதே பதில். இதற்குள் என்னிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. குளிரில் பேட்டரியின் வலு குறையும் என்று படித்திருக்கிறேன். சனவரி மாதத்துப் பனி, தகரக் கூரை, கால்வாய்ப் பக்கத்து ஈரம். இதை அக்காவுக்கு விரிவாக எடுத்துச் சொன்னேன்.

"வருஷக்கணக்கா பனிக்கட்டி பேயிற ஊர்ல இருந்துட்டு வந்த அலாரம்டா அது. தவளக்குப்பத்துப் பனிக்கு ஜன்னி கண்டுடுச்சா?"

அப்போது மீன்காரம்மா கூடையோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சத்தத்தைக் கேட்டு உச்சுக் கொட்டினாள். "செவ்வாக்கெழம, தெக்க பாத்து, ரெண்டு தரம். எடம் மாறப் போறீங்க பஸ்ஸூட்டம்மா. பல்லி சொன்னா தப்பாது."

"அது பல்லி இல்லம்மா, மிசினு," என்றேன்.

"மிசினா இருந்தா என்னா சார், சொல்றத சொல்லுதில்ல?"

அக்கா வழக்கமாக இதற்குச் சிரித்திருப்பாள். அன்று சங்கராவை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் பின்னால் போனபோது, கட்டிலடியில் இருந்த அவளது நீலப் பெட்டி வெளியே இழுத்து வைக்கப்பட்டிருந்ததைக் கவனித்தேன். "தூசி தட்டினேன்," என்றாள். நான் கேட்கவேயில்லை.

புதன்கிழமை தூசி என்று தீர்மானித்தேன். பெயின்ட் பிரஷ்ஷால் அலாரத்தின் துவாரங்களையெல்லாம் துடைத்தேன். ஒரு குட்டிச் சிலந்தி வெளியேறியது. குற்றவாளி அகப்பட்ட திருப்தியோடு மாட்டினேன். கீச், கீச்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஒண்ணு சொல்றேன் கேளு. ஞாயித்துக்கெழம அரை மணி நேரம்தானே பேசுறான். பேட்டரியக் கழட்டிட்டா சத்தம் போடாது. மூடி மேலதான் இருக்கும். அவனுக்குத் தெரியவா போவுது?"

"தப்பு அக்கா."

"யாருக்குத் தப்பு? உன் நோட்டுக்குத்தானே? அந்தப் பக்கத்தக் கிழிச்சிடு."

"கிழிச்சா கிழிச்ச இடம் தெரியும்."

"சேசுவே," என்றாள் அவள், மாதா சொரூபத்தைப் பார்த்து. "எனக்குன்னு ஒரு தம்பியக் குடுத்தியே."

வியாழக்கிழமை அலாரத்தை நெல்லித்தோப்புக்கே கொண்டுபோக முடிவுசெய்தேன். எங்கள் தெருமுனையில் மின்சாமான் கடை வைத்திருப்பவர், மருத்துவமனைகளுக்கும் கல்லூரிகளுக்கும் தீ அலாரம் மாட்டிக் கொடுக்கிற வேலையும் செய்கிறவர். சத்தத்தை அவர் காதாலேயே கேட்கட்டும் என்று பேட்டரியைக் கழற்றாமல் துணிப்பையில் போட்டுக்கொண்டேன். ஸ்கூட்டரை அன்று என் மனைவி எடுத்துப் போயிருந்ததால் பஸ். தவளக்குப்பம் சந்திப்பில் ஏறி உட்கார்ந்ததும் பை கத்தத் தொடங்கியது. பயணிகள் குனிந்து சீட்டடியில் பார்த்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்தினார்.

"யாருங்க கோழிக்குஞ்சு வெச்சிருக்கறது?"

"குஞ்சு இல்லீங்க, அலாரம்," என்றேன் நான்.

பின்சீட்டிலிருந்து ஒருவர், "சார், வெடிக்குமா?" என்றார். வெளியே எடுத்துக் காட்டி, அது என்ன செய்யும் என்று விளக்கினேன். முருங்கப்பாக்கம் தாண்டுவதற்குள் கண்டக்டர் உட்பட ஆறு பேருக்குத் தீத்தடுப்பு பற்றி நல்ல அறிவு உண்டாகியிருந்தது. எல்லாம் அறிந்தவன்போலத்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

கடைக்காரர் அலாரத்தை மேசைமேல் வைத்து இரண்டு சுற்றுச் சத்தத்தைக் கேட்டார். "ரெண்டு ரெண்டா கத்துதே. இது பேட்டரி இல்ல சார். எக்ஸ்பைரி பாத்தீங்களா?"

"எக்ஸ்பைரியா? போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நான் மாட்டினது."

"நீங்க மாட்டினது சரி. அது பொறந்தது எப்போ?"

என்னிடம், தேதியைப் பற்றி, ஒருவர் இப்படிக் கேட்டது என் நினைவில் அதுவே முதல் முறை. திருப்பிக் காட்டினேன். முதுகில் என் வெள்ளைச் சீட்டு, நாலு பக்கமும் பசை பிசிறில்லாமல். நான்கு தேதிகள், நேரான வரிசையில். அவர் நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. "நல்லா ஒட்டியிருக்கீங்க சார்," என்றார். கிண்டல் இல்லை, தொழில்காரர் பாராட்டுதான்.

தேங்காயெண்ணெய் தடவிக் காத்திருந்து உரித்தோம். அடியில் பிரெஞ்சில் ஒரு வரி அச்சடித்திருந்தது: இந்தத் தேதிக்குள் மாற்றவும். மாதமும் வருடமும் இருந்தன. போன ஆகஸ்ட். ஐந்து மாதம் கடந்திருந்தது. அதன்மேல்தான், அதை மறைத்துத்தான், பொருத்திய நாளை நான் எழுதி ஒட்டியிருந்தேன். அலாரத்துக்குப் பத்து வருட ஆயுள். அதில் பெரும்பகுதியைப் பிரான்ஸிலேயே கழித்துவிட்டு வந்த ஒன்றுக்கு, அது ஊர் வந்த நாளை நான் பிறந்த நாளாக்கியிருக்கிறேன்.

"உள்ள ஒரு கணக்கு ஓடும் சார். காலம் முடிஞ்சா இப்படி ரெட்டையா கத்தும்," என்றார் அவர். "கத்துறதப் பத்திக் கவலையில்ல. பொகை தெரியுதான்னு பாப்போம்." ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி அடியில் பிடித்தார். பிறகு இரண்டு. பிறகு அட்டைத் துண்டைக் கொளுத்தினார். மேசையெல்லாம் புகை. எனக்கு இருமல் வந்தது. அலாரம் தன்பாட்டுக்கு முக்கால் நிமிடத்துக்கு ஒரு தரம் கீச், கீச் என்றது, அவ்வளவுதான்.

"பொத்தானை அமுத்துனா கத்துதே?" என்றேன்.

"தொண்டை நல்லா இருக்கு சார். மூக்குதான் போயிடுச்சி. உப்புக் காத்து, அப்பறம் உள்ள பாருங்க, கரி படிஞ்ச மாதிரி. அங்க என்னா கொளுத்துறாங்க?"

அந்த இடத்தில் எனக்கு ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போய்ப் பழைய குறிப்பேட்டை எடுத்தேன்.

அக்கா சனிக்கிழமை சாயங்காலந்தோறும் கொசுவுக்காகவும் மாதாவுக்காகவும் கேரவனுக்குள் சாம்பிராணி போடுவாள். முதல் வருடம் முழுக்க அலாரம் சனிக்கிழமை தவறாமல் ஊரைக் கூட்டியது. அவள் துடைப்பக் கட்டையால் பொத்தானை அழுத்தி வாயடைப்பாள். ஒரு சனிக்கிழமை அது கத்தவில்லை. அடுத்த சனியும் கத்தவில்லை. அன்று நானும் அங்கே இருந்தேன். "பாத்தியா, சாம்பிராணிக்குப் பழகிடுச்சிடா," என்று அவள் சொல்ல, நானும் மகிழ்ந்து அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். செப்டம்பர் பக்கத்தில், என் சுத்தமான கையெழுத்தில்: 'அலாரம் சாம்பிராணிக்குப் பழகிவிட்டது.'

அதற்கு முந்தின பிப்ரவரிப் பக்கத்தையும் பார்த்தேன். பேட்டரி தீர்ந்தபோது 'ஒற்றைக் கீச்' என்று எழுதியிருக்கிறேன். இந்த ஞாயிறு 'இரட்டைக் கீச்'. எல்லாம் என் நோட்டிலேயே இருந்தது. எழுதியவன் படிக்கவில்லை.

கடைக்காரரிடம் திரும்பிப் போய்ப் புதிது வேண்டும் என்றேன். அவரிடம் இருந்தவை கட்டிடம் முழுக்கக் கம்பி இழுத்து மாட்டுகிற ரகம். தனியாக மாட்டுவது சென்னையிலிருந்து வர வேண்டும். ஞாயிறு காலை பஸ் பார்சலில் வந்துவிடும் என்றார். என் வீட்டு அலமாரியில் தூங்குவதும் அதே வயதுதான் என்பதைப் போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டு, இரண்டாகச் சொன்னேன்.

அன்று மாலையே தவளக்குப்பம் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டை உரித்த இடத்தைக் காட்டினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணாடியைப் போட்டு அந்தத் தேதியைப் பிரெஞ்சில் ஒரு தரம் வாய்விட்டுப் படித்தாள்.

"நவம்பர்ல ஒரு நாளு," என்றாள். "மத்தியானம் பால அடுப்புல வெச்சிட்டுக் கண்ண அசந்துட்டேன். எழுந்தா கட்டில் தெரியல, அவ்ளோ பொகை. பாத்திரம் கரி. அலாரம் கத்தல. நான் என்னா நெனச்சேன் தெரியுமா? நல்ல வேள, கத்தல, யாருக்கும் தெரியாமப் போச்சின்னு நெனச்சேன். பாத்திரத்தத் தூக்கிக் கால்வாயில போட்டுட்டேன்."

நான் எழுதிக்கொள்ளவில்லை. சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, "ஞாயிறு வரைக்கும் நெல்லித்தோப்புல சாப்பிடு, தூங்கு," என்றேன். அவள் நீலப் பெட்டியை எடுக்கவில்லை. ஒரு கைப்பையில் இரண்டு புடவை மட்டும் வைத்துக்கொண்டு வந்தாள். "பெட்டி எடுத்தா குடி மாறினதா ஆயிடும்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவதற்குள் பார்சல் வந்திருந்தது. பெட்டியைப் பிரித்ததும் முதலில் முதுகைப் பார்த்தேன். பத்து வருடம் முழுசாக இருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்குக் கேரவன் கூரையில் மாட்டினேன். மூன்றரைக்கு மகன் வந்தான். சத்தம் இல்லாததைக் கவனித்து, "ஆஹா, சரியாயிடுச்சா?" என்றான். அத்தோடு முடித்திருக்கலாம். அவன் கேட்டதற்கு ஆமாம் என்ற ஒரு சொல் போதும்.

நான் என் சீட்டின் கதையைச் சொன்னேன். அவன் சிரித்தான். "மாமா, நீங்களா!"

"அவன் கதைய விடு. என் கதையக் கேளு," என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பாமல், கைப்பேசியை நேராகப் பார்த்து, பால் காய்ந்த மத்தியானத்தைச் சொன்னாள். பாத்திரத்தைக் கால்வாயில் போட்டதையும் சொன்னாள். அவன் முகம் மாறுவதை நான் பார்த்தேன். படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"ஏம்மா இதச் சொன்னே?" என்றான் கடைசியில். "சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"சொல்லாம இங்க இருந்தா ஒளிஞ்சிருக்கற மாதிரி இருக்கும்டா. இது என் வீடு."

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். பிறகு, "சாம்பிராணி இருக்கா?" என்றான்.

அக்கா எழுந்து கரியைப் பற்றவைத்துக் கரண்டியில் எடுத்துவந்து சாம்பிராணித் தூளைத் தூவினாள். நான் ஜன்னல்களைச் சாத்தினேன். வெள்ளைப் புகை மாதாவைத் தாண்டிக் கூரைக்கு ஏறியது. அரை நிமிடம் ஒன்றுமில்லை. அக்கா இன்னொரு சிட்டிகை தூவினாள். அப்புறம் கத்தியது பாருங்கள். பக்கத்து மனையில் மாடு கயிற்றை இழுத்தது. பிரான்ஸில் பேத்தி ஓடிவந்து திரையில் எட்டிப் பார்த்தாள். மகன் காதைப் பொத்தவில்லை. அது ஓயும்வரை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"சரி," என்றான். "அடுப்புக்கு மேல வேணாம், கதவுப் பக்கம் இன்னொண்ணு மாட்டுங்க மாமா. மாசத்துல மொத சனிக்கெழம, நான் போன்ல இருக்கறப்ப சாம்பிராணி போடணும். மத்தியானத்துல அடுப்பப் பத்த வெச்சிட்டுப் படுக்கக் கூடாது. இதெல்லாம் நடந்தா இரும்மா."

"வோலா," என்றாள் அக்கா, கரண்டியை மேசைமேல் வைத்து. அது அவள் ஒரு வேலை முடிந்ததும் சொல்லும் சொல்.

என் வீட்டுக்கென்று வாங்கிய இரண்டாவதை அன்றே கதவருகில் மாட்டினேன். என் மனைவிக்குத் தாளிக்க இன்னொரு வாரம் நிம்மதி. வெள்ளைச் சீட்டை எடுத்து, இந்த முறை பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். பொருத்திய நாளை எழுதப்போன கையை அக்கா தடுத்தாள்.

"அது வேணாம். மாத்த வேண்டிய நாளப் போடு."

போட்டேன். அவள் விரல்விட்டு எண்ணினாள். "அப்போ எனக்கு எழுவத்தொம்போது. ஸ்டூல் மேல நான் ஏற மாட்டேன். நீதான் வரணும். எழுதிக்கோ."

குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.